கிணற்றுச் சட்டத்தில் கட்டிய எர்த் கம்பி

கரமனையில் எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வீடாக இருந்தவை. பாகம் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க முடியாமல் அதன் நடுவே சுவர் எழுப்பினார்கள். பாதி எங்களுக்கு, பாதி அவருக்கு. மேலே ஒரே இரும்புச் சட்டம் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அதில் பக்கத்துக்கு ஒரு கப்பி. அதற்குப் பிறகு அப்பாவும் சித்தப்பாவும் பேசியதில்லை.

அந்த வீட்டில்தான் ஆம்ப்ளிபயர் கட்டினேன். நான்கு வால்வு, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மர், பாஸுக்கு ஒரு குமிழ், டிரெபிளுக்கு ஒரு குமிழ். உறுமல் இல்லாமல் பாடுகிற ஒன்றைச் சனிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் வேலை தருவதாகச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ரேடியோ கடைக்காரர் சொல்லியிருந்தார். தவறினால் அப்பா கணக்கு எழுதிய அரிசி மண்டியில், அவர் கைக்கெட்டும் தூரத்தில், நானும் கணக்கெழுத வேண்டும். எனக்கு வயது இருபத்திரண்டு. அப்போதும் அவர் என்னை அடித்துக்கொண்டிருந்தார்.

டிரெபிளைக் கூட்டினால் வயலின் தெளிந்தது. பாஸைக் கூட்டினால் மிருதங்கத்துக்கு முன்னால் உறுமல் வந்து நின்றது. கண்டன்சரை மாற்றினேன். ஈயம் பற்றவைத்த நாற்பத்தொரு இடங்களையும் மறுபடி சூடாக்கினேன். உறுமல் போகவில்லை. இரும்பு அடித்தட்டைத் தொட்டால் குறைந்தது, விரலும் சுள்ளென்றது. எர்த் வேண்டும். முற்றம் முழுக்கக் கருங்கல், குழாய் இறக்க இடமில்லை. கிணறு என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் பூமி என்று எண்ணி, அடித்தட்டிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுபோய் அந்த இரும்புச் சட்டத்தில் சுற்றினேன். சட்டம் தண்ணீரைத் தொடவில்லை, காய்ந்த சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் உறுமல் பாதியாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அதைப் பாடவிட்டிருந்தேன். சித்தப்பா குளித்த ஈர வேஷ்டியோடு பூஜைக்கு மடித் தண்ணீர் இழுக்க வந்தார். கயிற்றில் தீட்டு ஒட்டும் என்று அவர் கட்டியிருந்தது இரும்புச் சங்கிலி. சுவருக்கு அப்பால் ஓர் அலறல் கேட்டது, பிறகு குடம் உருண்டது.

தேங்காய் வெட்டும் கத்தியோடு வாசல் வழியாக வந்தார். சங்கிலி அறுத்த முழங்கையில் ரத்தம்.

"எடா, என்னைக் கொல்லறதுக்கு யந்திரம் பண்ணியிருக்கயா? உங்கப்பன் சொல்லித் தந்தானா?"

முதல் வெட்டு கதவு நிலையில் விழுந்தது. இரண்டாவதற்கு ஓங்கிய கையை அப்பா கதவுக்கட்டையால் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சித்தப்பா இடக்கையால் அவர் வாயில் குத்தினார். தெருக்காரர்கள் வந்து பிரித்து, சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்பா தரையில் உட்கார்ந்து ஒரு பல்லைக் கையில் துப்பிப் பார்த்தார். அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத ஆம்ப்ளிபயரின் பக்கத்தில் வந்து குனிந்தார். அது அவ்வளவு ஷாக் அடிக்குமா என்று கேட்டார். அடிக்கும் என்றேன். நான் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"அவிழ்க்காதே. கை ஒடிஞ்சாலும் நாளைக்கு மடிக்கு அவன்தான் வருவன். இன்னும் ஒரு தரம் கூடி கொடுடா அவனுக்கு."

"செத்துப்போயிடுவார், அப்பா."

"போட்டும். வாங்கிண்டு போனப்பறம் நீ அதைத் தூக்கிண்டு கடைக்குப் போ, நான் தடுக்கலை. மாட்டேன்னா மண்டிக்கு வா."

வால்வுகள் இன்னும் சூடாக இருந்தன. இன்னொரு நாள் கிடைத்தால் மீதி உறுமலையும் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. இடுக்கியை எடுத்து அந்தக் கம்பியை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கினேன்.

முதல் அடி தோளில். இரண்டாவது இடது காதில், அதில் டிரெபிள் இன்றும் சரியாக விழுவதில்லை. மூன்றாவது என் மேல் விழவில்லை. கட்டையைத் திருப்பி வால்வுகளில் இறக்கினார். நான்கும் நொறுங்கின. டிரான்ஸ்பார்மர் உடையாததால் அதைத் தூக்கிக் கருங்கல்லில் போட்டு, போட்டு, தகடுகள் பிரிந்து சிதறும்வரை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை காலை மண்டியில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன், கேட்கிற காது அவர் பக்கம் இருக்க. வீங்கிய உதட்டோடு அவர் மூட்டைக் கணக்கைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.