மகமை வகையறா

"சீட்டு வகை ரூ. 160. மகமை வகையறா கழிவு ரூ. 11.20. ரொக்கம் ரூ. 148.80."

இது 1957 ஏப்ரல் 27, சனிக்கிழமை, போடிநாயக்கனூரில் ஓர் ஏலத்தோட்டத்தின் அலுவலகத்தில் எங்கள் கடைக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு. பழுப்புத் தாள், ஊதா மை. எழுதியவருக்குப் பைசாவைப் புள்ளி வைத்து எழுதிப் பழக்கமில்லை. பதினொன்றுக்கும் இருபதுக்கும் நடுவில் முதலில் ஒரு கோடு இழுத்து, பிறகு அதன் மேலேயே புள்ளியை அழுத்தி வைத்திருக்கிறார். அணா போய் நயா பைசா வந்து அன்றைக்கு நான்கு வாரம்கூட நிறையவில்லை.

எங்களுடையது கம்பளிக் கடை. ஏலக்காய் மண்டிகள் இருந்த தெருவின் கடைசியில், எட்டடி அகலம். மலையேறிப் போகிற தோட்டத்துப் பெண்களுக்குக் கம்பளி, ரவிக்கைத் துணி, அட்டைக்கடிக்குப் பூசப் புகையிலை, இவ்வளவுதான் சரக்கு. என் வீட்டுக்காரர் விற்பார். எட்டாவது வரை படித்திருந்ததால் கணக்கு என்னுடையது. 1955 தை மாதம் கடை திறந்த நாளிலிருந்து நான் எழுதிய நாள்வழிக் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மழை பெய்ததையும் வாசகசாலையிலிருந்து என்ன புத்தகம் எடுத்தேன் என்பதையும் அதன் ஓரத்தில் குறித்திருக்கிறேன். பிரித்தால் இப்போதும் ஈரக் கம்பளியும் ஏலக்காயும் கலந்த ஒரு வாடை வருவதாக எனக்குத் தோன்றும். அது தாளில் இல்லை, எனக்குள்தான் இருக்கிறது என்று பேத்தி சொல்கிறாள். இருக்கட்டும்.

காலை பத்து மணிக்கு மேல் மலைப்பாதையில் பெண்கள் இறங்கி வருவார்கள். ஆறேழு பேராகத்தான் கடைக்குள் நுழைவார்கள். ஒருத்தி கம்பளியைக் குழியாகப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி அதில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவாள். தண்ணீர் ஒழுகாமல் நின்றால் மழைக்குத் தாங்கும். மற்றவர்கள் எண்ணுவார்கள். இருபது எண்ணுவதற்குள் சொட்டினால் கம்பளி திரும்ப அடுக்குக்குப் போய்விடும். கடைக்குள் எப்போதும் தரை ஈரமாகவே இருந்தது.

"ஏன் மதினி, இந்தக் கம்பளி ஆட்டு மேல இருந்தப்போ இதவிடச் சூடா இருந்திருக்கும்போல?" என்பாள் ராசிங்காபுரத்துக்காரி. வாயாடி. அவள் வந்தால் பின்னாலேயே ஒரு கூட்டம் வரும்.

"ஆட்டையும் சேத்துக் குடுத்தா ஆறு ரூவாய்க்குக் கட்டாதுத்தா."

"ஆட்ட நீங்களே வச்சுக்கங்க. அண்ணனுக்குத் தொணையாச்சு."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரைத் துடைப்பார்.

அவர்கள் கையில் பெரும்பாலும் ரொக்கம் இருக்காது. தோட்டத்தில் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, செலவுக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். "ஆறு ரூபாய்க்குச் சாமான் தரவும்" என்று இருக்கும். கடைக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் சீட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போடியிலிருக்கும் தோட்ட அலுவலகத்துக்குப் போனால் பணம் தருவார்கள். சீட்டு வாங்காத கடைக்குத் தோட்டத்து ஆட்கள் வரமாட்டார்கள். எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு அதை விட்டால் வழியில்லை.

பணம் தரும்போது ரூபாய்க்கு ஓரணா, அதாவது பதினாறில் ஒரு பங்கு, கழிப்பார்கள். பற்றுச்சீட்டில் "மகமை வகையறா" என்று எழுதியிருக்கும். மகமை என்பது வியாபாரிகள் ஒவ்வொரு வரவிலும் கோயிலுக்கென்று எடுத்து வைக்கிற சிறு காசு. எங்கள் தெருவில் மூட்டைக்கு இவ்வளவு என்று எல்லா மண்டியிலும் உண்டு. அதைக் கொடுக்க யாரும் முகம் சுளிப்பதில்லை. எவ்வளவு, எங்கே போகிறது என்று யாரும் கேட்பதும் இல்லை. என் நாள்வழியில் அதற்காகத் தனியாக ஒரு பத்தி போட்டு, தலைப்பில் "தர்மம்" என்று அழகாக எழுதியிருந்தேன். வாடகை, சரக்கு, தீப்பெட்டி என்று மற்ற எல்லாப் பத்தியையும் மாதாமாதம் கூட்டினேன். தர்மத்தைக் கூட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தப் பத்தி கூட்டப்படாமலே இறங்கிக்கொண்டு போனது.

அந்த ஏப்ரல் மாதம் எங்களுக்குக் கையிறுக்கம். கடையில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை, ஆனாலும் மதுரைச் சரக்குக்குப் பணம் அனுப்ப ஒவ்வொரு மாதமும் திணறினோம். இன்னொரு தோட்டத்திலிருந்து என் வீட்டுக்காரருக்கு ஸ்டோர் வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருந்தது. சம்பளம் நல்ல சம்பளம். ஆனால் 1953 ஐப்பசியில் மலையில் வேலை பார்த்தபோது காய்ச்சல் வந்து, நாலு பேர் கட்டிலோடு தூக்கி இறக்கிய மனிதர் அவர். இன்னொரு மழைக்கு மேலே போனால் பிழைக்க மாட்டார் என்று அப்போதே வைத்தியர் சொல்லியிருந்தார். அவரோ, "கடையப் பூட்டிட்டு நீ சிலமலையில உங்க அப்பா வீட்ல இரு. ரெண்டு வருசம் சம்பாரிச்சுட்டு எறங்கிர்றேன்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். கடிதத்துக்குப் பதில் எழுதாமல் ஒவ்வொரு வாரமாக நான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் அந்தப் பற்றுச்சீட்டு. மார்ச் மாதமும் தற்செயலாக நூற்றறுபது ரூபாய்க்கே சீட்டு வந்திருந்தது. அப்போது கழிவு பத்து ரூபாய். காசின் பெயர் மாறியதும் ஒரு ரூபாய் இருபது பைசா எப்படி ஏறியது? திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே சீட்டுக்குப் பணம் தருபவரை எல்லாரும் ரைட்டர் என்போம். ஐம்பது வயதிருக்கும். மரியாதையான மனிதர்.

"அண்ணே, நூத்தறுபது அணான்னா பத்து ரூவாதானே? துட்டுப் பேரு மாறுனா கூடவா செய்யும்?"

"அணாவுக்கு ஆறே கால் பைசா தாயி. அந்தக் காலுக்கு நான் எங்க போக? ஏழுன்னு வச்சிருக்கு."

"ஆறுன்னு வச்சிருக்கலாமே?"

"சாமி காரியத்துல கொறச்சு வைக்கலாமா?"

பக்கத்தில் நின்ற இரண்டு கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நாள்வழியை எடுத்துத் தர்மப் பத்தியை முதன்முதலாகக் கூட்டினேன். இருபத்தேழு மாதத்தில் இருநூற்று முப்பத்தொரு ரூபாய். கடை வாடகை மாதம் ஒன்பது ரூபாய். ஒரு கடை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு கடைக்கு வாடகை கட்டியிருக்கிறோம். ஆறு ரூபாய்க் கம்பளியில் எங்களுக்கு லாபம் எட்டணா. அதில் ஆறணா இந்தப் பத்தியில் போயிருக்கிறது.

"சாமிக்குப் போச்சு. விடு," என்றார் என் வீட்டுக்காரர்.

"போயிருந்தாச் சரிதாங்க."

சித்திரைத் திருவிழா முடிந்து, கோயிலில் வரவுசெலவு நோட்டீஸ் அச்சடித்துக் கடை கடையாகக் கொடுத்தார்கள். மே மாதம் இரண்டாவது வாரம். மற்றவர்கள் அதில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அச்சிட்ட தாள் எதுவானாலும் கடைசி வரி வரை படிப்பது என் வழக்கம். ஒவ்வொரு மண்டியின் மகமையும் அணா சுத்தமாக இருந்தது. ஒரு முறம், இரண்டு துடைப்பம் கொடுத்தவருக்குக்கூட வரி இருந்தது. நாங்கள் தனியாகக் கொடுத்த இரண்டு ரூபாய் இருந்தது. தோட்ட அலுவலகத்தின் பெயர் இல்லை. முந்தின வருஷத்து நோட்டீஸைத் தேடி எடுத்தேன். அதிலும் இல்லை.

மறுநாள் நாள்வழியோடு போனேன். ரைட்டர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"சாமிக் காசுக்குக் கணக்குக் கேக்க வந்தீகளாக்கும்?"

அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. ஆனாலும் நான் நகரவில்லை.

"சாமிக்கு எம்புட்டு, மிச்சம் எதுக்குன்னு பிரிச்சு எழுதிக் குடுங்கண்ணே. சாமிக்குள்ளத மனசாரக் குடுக்கிறோம்."

மற்றவர்கள் போகும் வரை காத்திருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். ஆபீசுக்குக் கமிஷன், ரொக்கம் கொண்டுவர ஜீப்புச் செலவு, எழுத்துக்கூலி, எல்லாம் அந்த வகையறாவில் அடக்கம்.

"அப்ப மகமை?"

"அதுவும் உண்டு."

"எந்தக் கோயிலுக்கு?"

"மேல இருக்கு தாயி, மலையில. உங்களுக்குப் பிரிச்சு எழுதுனா எல்லாக் கடைக்கும் எழுதணும். எனக்கும் மேல ஆளு இருக்கு. போங்க, சோலியப் பாருங்க."

மலையில் கோயில்கள் உண்டு. அவர் பொய் சொன்னார் என்று அன்றும் நான் சொல்லவில்லை. பிரித்து எழுத மாட்டார் என்பது மட்டும் நிச்சயமானது.

அன்று மத்தியானம் கடையில் நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சீட்டுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை வைக்கலாம் என்றேன். "கம்பளிக்கு ஒரு வெலதான். தண்ணி ஊத்திப் பாக்குறவளுக வெலைய மட்டும் பாக்க மாட்டாளுகளா?" என்றார். அந்த நேரம் பார்த்து ராசிங்காபுரத்துக்காரி நாலு பேரோடு வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். நான் மறைக்கவில்லை. ரூபாய்க்கு ஓரணா மகமை என்று கழிக்கிறார்கள் என்றேன்.

"ஒங்களுக்குமா?" என்றாள் அவள்.

"ஒங்களுக்குமான்னா?"

"சீட்டு எழுதுனா எங்க கூலியில ரூவாய்க்கு அரையணா புடிப்பாக மதினி. மகமைன்னுதான் சொன்னாக."

பின்னால் நின்ற ஒருத்தி, "அப்ப ஒரு கம்பளிக்கு ரெண்டு வாட்டி சாமி கும்பிட்டுருக்கோம்," என்றாள். கடையே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

வழி சொன்னவளும் ராசிங்காபுரத்துக்காரிதான். ஏலப்பழம் எடுத்து முடிந்து தை மாதம் கூலி பைசலாகும்போது கையில் ரொக்கம் வரும். ஆடியில் மலையேறும்போது சீட்டு இல்லாமல் கம்பளி கொடுத்தால், தையில் இறங்கி வந்து பணமாகக் கொடுக்கலாம்.

"ஆறு மாசம் எங்கள நம்புவீகளா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையிலிருந்த தண்ணீரைப் பார்த்தேன். வராமல் போனால் கடை நிற்காது, அவர் மலையேற வேண்டியதுதான்.

"அஞ்சே முக்கா ரூவா," என்றார் அவர். "சீட்டு இல்லாட்டி ஒங்களுக்கும் கொஞ்சம் மிச்சமாகணும்ல."

1957 ஆடியில் இருபத்து மூன்று கம்பளிகள் அப்படிப் போயின. ஒவ்வொருத்தியின் ஊரையும் கம்பளியின் கரை நிறத்தையும் எழுதிக்கொண்டேன். ஸ்டோர் வேலைக் கடிதத்துக்கு, தை கழித்து முடிவு சொல்வதாக அவரே பதில் போட்டார். அதன் பிறகு நாங்கள் வாழ்ந்த ஆறு மாதத்தைப் பற்றி நாள்வழியின் ஓரத்தில் அதிகம் இல்லை. "மழை", "மழை", "மேலே நல்ல மழை என்கிறார்கள்" என்று மட்டும் இருக்கிறது. சீட்டு வியாபாரம் பாதியாகக் குறைந்தது. புகையிலை விற்றுச் சாப்பிட்டோம். ஆனாலும் அந்த மழைக்காலத்தை நினைத்தால் எனக்குப் பசி நினைவுக்கு வருவதில்லை. கடை வாசலில் இருவரும் உட்கார்ந்து, மேகம் மூடிய மலையைப் பார்த்து, "இந்நேரம் கம்பளி நனைஞ்சிருக்கும்" என்று பேசிக்கொண்டதுதான் வருகிறது.

1958 தைப் பொங்கல் முடிந்த ஐந்தாம் நாள் முதல் கூட்டம் இறங்கியது. ஏலத்தட்டையின் பச்சை வாடையோடு, வெடித்த கால்களோடு நேராகக் கடைக்கே வந்தார்கள். ராசிங்காபுரத்துக்காரி முந்தானை முடிச்சை அவிழ்த்து ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, "ஒழுகுது மதினி ஒங்க கம்பளி. இருவது எண்ணுனது எவ?" என்று சண்டைக்கு நின்றாள். பத்து நாளில் இருபத்திரண்டு பேர் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பணம் மதுரைக்குப் போனது. பிப்ரவரி 3 அன்று என் வீட்டுக்காரர் ஒரு கார்டு வாங்கி, ஸ்டோர் வேலைக்கு வர இயலாது என்று எழுதினார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். இரண்டு இருந்தன. அப்படியே போடச் சொன்னேன். பிறகு முப்பத்தாறு வருஷம் அவர் மலையைக் கீழேயிருந்து மட்டுமே பார்த்தார்.

வராத ஒன்று, நீலக் கரைக் கம்பளி, பொட்டிபுரத்துப் பெண். மலையிலிருந்தே எல்லைக்கு அப்பால் வேறொரு தோட்டத்துக்குப் போய்விட்டாள் என்றார்கள். போகும்போது ஐந்தே முக்கால் ரூபாயை எங்களிடம் சேர்க்கச் சொல்லிக் கங்காணியிடம் கொடுத்ததாக இருவர் சொன்னார்கள். கங்காணி, கடையில் என் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டேன் என்றார். என் வீட்டுக்காரர் வாங்கிய நினைவில்லை என்றார், ஆனால் இல்லை என்று அடித்துச் சொல்லவும் இல்லை. நாள்வழியில் வரவு இல்லை. இவர்களில் யாரும் இப்போது இல்லை, அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தகவலும் கிடைக்கவில்லை. அந்த வரிக்கு நேரே வராக்கடன் என்று நான் எழுதவில்லை. "கொடுத்ததாகச் சொல்கிறார்கள், உறுதிப்படவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.