ஃபிட்டர் செங்கோடண்ணனும் அந்த டீசல் இன்ஜினும்

செங்கோடண்ணன் போய்விட்டார். காலை ஏழு மணிக்கு போன் வந்தது. தொண்ணூற்று நாலு வயது.

"கல்யாணச் சாவுங்க, வருத்தப்படாதீங்க" என்கிறார்கள். வருத்தம் மட்டும் என்றால் பரவாயில்லையே... வேறு ஒன்றும் இருக்கிறது. எனக்கே தொண்ணூற்றொன்று. ஒரு விரலால் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். நாமக்கல் ரோட்டில் எங்கள் முதலாளிக்குத் தோட்டம் உண்டு, ஒரு பழைய பெட்ரோல் லாரியும் உண்டு. பண்ணாடி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நான் டிரைவர், செங்கோடண்ணன் ஃபிட்டர்.

ஒருநாள் அவர் பண்ணாடியிடம் போய், "இந்த இன்ஜினக் கழட்டிப் போட்டுட்டு டீசல் இன்ஜின் மாட்டிரலாமுங்க. எத்தனை பாரம்னாலும் இழுக்குமுங்க" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. பிளக்கே கிடையாதாம்! தீப்பொறி இல்லாமல் தானாகவே எரியுமாம்! நம்புவதற்கு நான் என்ன கிறுக்கனா?

இன்ஜினும் வந்து மாட்டியாகிவிட்டது. ஸ்டார்ட் செய்தால் உள்ளே நாலு போல்ட் கழன்று உருளுகிற மாதிரி சத்தம்... கரும்புகை வேறு. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பெட்ரோல் வண்டி போலச் சீறவில்லை. இதுவா லோடு இழுக்கும்?

இன்ஜினை விட ஆள் மீதுதான் எனக்கு அதிக சந்தேகம். எலி ஏன் அம்மணமா ஓடுது? இன்ஜின் விற்ற ஏஜெண்ட் ஏதாவது கையில் அழுத்தியிருப்பானோ... இல்லை, "டீசல் எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லி என் சீட்டில் உட்காரப் பார்க்கிறாரோ? அந்த இரண்டாவது சந்தேகம் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பண்ணாடிக்கும் சந்தேகம்தான். ஆனால் அவருக்கு மாட்டைத் தெரியும், மோட்டாரைத் தெரியாது. சந்தையில் மாடு பிடித்தால், பார வண்டியில் பூட்டி ஆற்று மணலில் இறக்கி, அக்கரை மேட்டில் ஏற்றிப் பார்ப்பார். ஏறினால்தான் புதுக்கயிறு கட்டுவார்.

லாரிக்கும் அதே பரீட்சைதான் என்றுவிட்டார். "மேடு ஏறுச்சுன்னா இருக்கட்டும். ஏறலீன்னா இன்ஜினோட நீயும் கெளம்பிரு" என்றார்.

செங்கோடண்ணன் வீட்டில் அண்ணிக்கு அப்போது ஏழாவது மாதம். "செரிங்க" என்று மட்டும் சொன்னார்.

திருமணிமுத்தாறு வறண்டு கிடந்தது. லாரி நிறைய வெள்ளைக்கல் ஏற்றினார்கள். பண்ணாடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். செங்கோடண்ணன் பின்னால் பாரத்தின் மேல்... வண்டி பின்வாங்கினால் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டுமே.

அந்த லாரியில் ஹேண்ட் பிரேக் டிரைவருக்கு வலது கைப்பக்கம் கீழே இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

மணலைத் தாண்டி மேடு தொடங்குகிற இடத்தில் அதைப் பாதி இழுத்துவிட்டேன்.

ஆமாம். நான்தான். மேட்டில் நின்று தொலையட்டும் என்றுதான்.

வண்டி முக்கியது. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது... "செத்துச்சு" என்று மனதுக்குள் சொன்னேன். சாகவில்லை! ஆள் நடக்கிற வேகத்தில் தடதடவென்று ஏறிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

மேலே போய் நின்றதும் கருகல் நாற்றம். "என்ரா தீயுது?" என்று பண்ணாடி இறங்கினார்.

செங்கோடண்ணன் பின்சக்கரத்துக்கிட்டே கையை வைத்து உடனே இழுத்துக்கொண்டார். அப்படியே முன்னால் வந்து லீவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிரேக்கு நாந்தானுங்க இறுக்கமா வச்சுட்டேன். என்ற தப்புங்க" என்றார்.

"பிரேக்கு புடிச்சுக்கிட்டேவா இந்த மேடு ஏறுச்சு?" பண்ணாடி வாயைப் பிளந்தார். ஆள் அனுப்பி ஒரு புதுக்கயிறு கொண்டுவரச் சொல்லி, லாரியின் முன் பம்பரில் தன் கையாலேயே கட்டினார். சத்தியமாக!

அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் நாங்கள் இருவரும் ஒரே ஷெட்டில்தான். அவர் ஸ்டீயரிங் பக்கமே வரவில்லை. ஆனாலும் என் சந்தேகம் விட்டதா? டீ வாங்கிக் கொடுத்தால், இன்றைக்கு அந்த பிரேக்கைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைப்பேன். பண்ணாடியோடு தனியாகப் பேசினால் மறைவில் நின்று ஒட்டுக்கேட்பேன். என் பெண் கல்யாணத்தில் மூன்று நாள் இருந்து பந்தி பரிமாறினார் மனுஷன். அப்போதும் நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? இதைக் கேட்கத்தான் போன மாசம்கூட அவர் வீட்டுக்குப் போனேன். "சாமி, சாப்ட்டியா?" என்றார். கேட்காமலே வந்துவிட்டேன்.

மதியம் பூமாலையோடு போயிருந்தேன். அவருடைய பெரிய பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"சித்தப்பா, அப்பா சாகற வரைக்கும் உங்களத்தானுங்க சொல்லிக்கிட்டு இருந்தாரு. 'டீசலுக்கு எத்தனை தெம்பு இருக்குதுன்னு பண்ணாடிக்குக் காட்டோணும்னே பிரேக்கப் போட்டு மேடு ஏத்துனான்டா. உங்கொம்மா வாயும் வயிறுமா இருந்தா. அவனில்லீன்னா நமக்குப் பொழப்பே இல்ல'ன்னு."

அவன் அழுதான். மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணா... உங்களைத் துரத்தத்தான் அதைப் போட்டேன்.

போய்ட்டு வாங்கண்ணா.