வியட்நாமிலிருந்து வந்தவளும் நானும்

அவள் எங்கள் கம்பெனிக்கு வந்த மூன்றாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து மெஷினுக்குப் பக்கத்தில் விரித்துப் படுத்துவிட்டாள். நான் கை கழுவிவிட்டு வந்தபோது நாலைந்து பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். கேட்டிலிருந்து செக்யூரிட்டி அண்ணன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

“இன்னாம்மா, அந்தப் பொண்ணு மயங்கி உயுந்துடுச்சா?”

குனிந்து தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், “டென் மினிட்ஸ்” என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார்களுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கிற கம்பெனி எங்களுடையது. நான் பதினாறு வருஷமாக அங்கே சரக்கின் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். புதிதாக வந்த ஒரு மெஷினை எங்களுக்குப் பழக்குவதற்கு, வியட்நாம் கிளையிலிருந்து அவளை இரண்டு மாதத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும் என்பதால் அவளை என்னோடு விட்டார்கள். அவளுக்கும் அதே கொஞ்சம்தான். மீதியை அவளுடைய செல்போன் மொழிபெயர்த்தது. அதில் ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பதுபோல் சுத்தத் தமிழில் பேசும்.

எழுந்ததும் அந்தப் போனை என் முன்னால் நீட்டினாள். “எங்கள் தொழிற்சாலையில் மதியம் விளக்கை அணைத்துவிடுவார்கள். அனைவரும் பாயில் உறங்குவோம். மேலாளரும் உறங்குவார். நீங்கள் எப்போது உறங்குவீர்கள்?” என்றது குரல்.

“ராத்திரி” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, மூன்று பேருக்குச் சமைத்து, அண்ணனூரில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி ஓடுகிறவள் நான். கல்யாணம் ஆனபிறகு பகலில் கண்ணை மூடிய நினைவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. இங்கே பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு கிடையாது என்றதும் அவள் நம்பவில்லை. ரேஷன் அரிசியைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆனால் அவள் ஊரில் அறுபது வயதுப் பெண்கூட ஸ்கூட்டரில் தனியாகப் போய்வருவாளாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம். “உங்கள் கணவர் சமைப்பாரா?” என்று ஒருநாள் செல்போன் கேட்டது. நான் ஊறுகாய் டப்பாவை மூடுவதில் மும்முரமானேன். மனசுக்குள் அவள் ஊருக்கே மார்க் ஏறிக்கொண்டு போனது.

இரண்டாவது வாரம் நானும் அவள் பக்கத்தில் படுத்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. துப்பட்டாவால் முகத்தை மூடியதுதான் தெரியும். அடுத்து அவள் என்னைத் தட்டி எழுப்பினாள். கரையான்சாவடியிலிருந்து வருகிற ஓர் அக்கா, மறுநாள் பையில் பாயோடு வந்தார். “நான் இன்னா பாவம் பண்ணேன், எனக்கும் எடம் வுடுங்கடி” என்றார். நாலு நாளில் ஒன்பது பேர் ஆனோம்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். “இன்னாம்மா இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி?”

“சாப்பாட்டு நேரம்தானே சார். வேலை நேரத்தைத் தொடலியே” என்றேன். அவர் எதிரில் நான் அவ்வளவு நேராகப் பேசியது அதுவே முதல் தடவை. கைக்கடிகாரத்தைப் பார்த்தவர், “மெஷின் பக்கத்துல வேணாம். கேன்டீன் பின்னாடி படுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஆம்லெட் போட்டார். செல்போன் கேட்ட கேள்வியை நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

சாப்பிட்டு முடித்தபோது, ஒன்பதாவது படிக்கிற என் மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, எப்போதும்போல் என் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்து சீப்பை நீட்டினாள். நான் பேசிக்கொண்டே சிக்கெடுக்க ஆரம்பித்தேன். நிமிர்ந்தபோது, வியட்நாமிலிருந்து வந்தவள் என் கையிலிருந்த சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போனில் தட்டினாள். “நீங்கள் இவளைத் தினமும் பார்க்கிறீர்களா?” என்றது குரல்.

கேள்வியே எனக்குப் புரியவில்லை. “ஆமாம். வேற எப்படி?” என்றேன்.

அவள் ஒரு படத்தைக் காட்டினாள். முன்பல் விழுந்த ஆறு வயதுப் பையன். அவளுடைய அம்மாவோடு கிராமத்தில் இருக்கிறானாம். ஃபேக்டரி இருக்கும் நகரத்திலிருந்து அங்கே போக பஸ்ஸில் பத்து மணி நேரம். வருஷத்தில் இரண்டு தடவை பார்க்கிறாள். அவளோடு வேலை பார்க்கிற பெண்களில் பாதிப் பேருக்கு அப்படித்தானாம். அவனுக்கு ஒன்றரை வயதானபோது அம்மாவிடம் விட்டுவிட்டு நகரத்துக்கு வேலைக்கு வந்திருக்கிறாள்.

இத்தனை நாள் மதியத் தூக்கத்தையும் ஸ்கூட்டரையும் எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவளுக்கு யார் கதவைத் திறப்பார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

“அம்மா, ஆன்ட்டி அழுவுறாங்க” என்று மகள் கிசுகிசுத்தாள். பிறகு யாரும் சொல்லாமலே எழுந்துபோய் அவள் முன்னால் உட்கார்ந்து சீப்பைக் கொடுத்தாள். அவள் அந்த ஈரத் தலையை வெகுநேரம் வாரினாள். ஜடை ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது. மகள் அதை அன்று முழுக்க அவிழ்க்கவில்லை.

அவள் ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பையன் கோடை லீவுக்கு முதல்முறையாக அவள் அறைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாள். அவளோடு பேசுவதில்லையாம், சுவரைப் பார்த்துத் திரும்பித் தூங்குகிறானாம். “பொறு, கூடவே இரு” என்று மட்டும் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. ரயிலில் நின்றபடியே, அவள் போனின் அந்தச் சுத்தத் தமிழ்க் குரலைக் கேட்டேன்.

“இன்று காலை அவன் என்னிடம் இன்னொரு முட்டை கேட்டான்.”