1022117 உடைந்த புதன்கிழமை

அந்தத் திங்கட்கிழமை தொடக்கம் நான் ஒரு இடத்தில் இருக்கவில்லை. என் மனுசனுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அதில் ஊசியால் எடுத்ததை முந்தின கிழமை கொட்டாஞ்சேனையில், அவருடைய வேலையிடத்துக்குப் பக்கத்து லேப்பில் கொடுத்திருந்தோம். ரிப்போர்ட் திங்கள் வெப்சைட்டில் வரும், இந்த இலக்கத்தை அடித்துப் பாருங்கள் என்று ஒரு துண்டு தந்தார்கள். துண்டு அவருடைய பர்ஸுக்குள் போனது. இலக்கத்தை நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்: 1022117.

பத்து நிமிஷத்துக்கு ஒருக்கால் அடித்தேன். அப்படியொரு இலக்கம் இல்லை என்றே வந்தது. வெள்ளவத்தை ஃப்ளாட்டில் குசினிக்கும் பால்கனிக்கும் நடந்து நடந்து கால் உளைந்தது. மேல் வீட்டு அக்கா வந்து கூட்டெண் என்ன என்று கேட்டா. அவவுக்குக் கார் நம்பர், போன் நம்பர் எல்லாம் கூட்டிப் பார்த்தால்தான் திருப்தி. இவருக்குப் போன் எடுத்து, துண்டைப் பார்த்துக் கூட்டச் சொன்னேன். பதினாலு என்றார். கொப்பியிலும் பதினாலு. ஒன்றும் நாலும் ஐந்து, நல்ல எண் என்றுவிட்டு அக்கா போனா. கண்டறியாத ஐந்து! ஆனாலும் இலக்கம் சரிதான், ரிப்போர்ட்தான் இன்னும் ஏறவில்லை என்று இருந்துவிட்டேன்.

கணக்கு டியூஷன் கொடுக்கிறவள் கையில் ஒரு எண் இருந்தால் சும்மா இருக்க ஏலுமா? இது வேறொன்றாலும் வகுபடாத முதன்மை எண்ணா, சின்ன எண்களின் பெருக்கமாய் உடையுமா? உடையாவிட்டால் நல்ல செய்தி என்று நானே ஒரு விசர்க் கணக்கு வைத்துக்கொண்டேன். அதன் வர்க்கமூலம் 1011க்குச் சற்றுக் குறைவு. அதற்குள் இருக்கிற முதன்மை எண்களால் வகுத்தால் போதும். கல்குலேட்டரைத் தொடவில்லை. கெதியாய் முடிந்துவிட்டால் பிறகு என்ன செய்வது?

இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு... நூற்று அறுபத்தெட்டு எண்களுக்கு அது மசியவில்லை. புதன் பின்னேரம், மிஞ்சியிருந்த கடைசி எண் 1009. மீதியில்லாமல் வகுபட்டது. 1009 தர 1013, பெருக்கினால் அதே எண். வேறு நாளென்றால் துள்ளியிருப்பேன். இவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே அழுதுகொண்டு கொப்பியை நீட்டினேன்.

அவர் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். 1021217. நாலாவது இலக்கத்தையும் ஐந்தாவதையும் நான் மாற்றி எழுதியிருக்கிறேன். இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்று வருஷாவருஷம் பிள்ளைகளுக்குக் கத்துகிறவள்! அழுகையோடு சிரிப்பும் வந்தது. அப்பாடா, உடைந்தது இவருடைய எண் இல்லை. சரியானதை அடிக்கப் போனை எடுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார். “அடிக்கத் தேவையில்லை. திங்களே போய் எடுத்திட்டன். கான்சர்தான்.”

கொப்பியில் இலக்கம் பிழை என்பதையும் அன்றைக்கே கண்டாராம். நான் வகுத்துக்கொண்டிருந்தபடியால் முடியட்டும் என்று விட்டாராம். எனக்கு வந்தது கோபம். மூன்று நாளாக என் முன்னால் இருந்து புட்டுச் சாப்பிட்டு, சம்பலுக்கு உப்புக் காணாது என்றும் சொன்ன மனுசன்.

“மூண்டு நாளும் தனியவா வைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?” என்று கத்தினேன்.

“நீர் பக்கத்திலதானே இருந்தனீர்” என்றார்.