பாறை இல்லாத ஊரில்

“ஏட்டி, கல்லப் படிக்கதுக்கு ஒரு காலேஜா? ஒங்க அப்பன்கூட குவாரிக்குப் போனா சும்மாவே படிக்கலாமே!”

நான் நிலவியலில் சேர்ந்தபோது குலசேகரம் பஸ்ஸில் பக்கத்து வீட்டு மாமி சொன்னது. பஸ்ஸே சிரித்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான், தலையைக் குனியவில்லை.

இப்போது வேலை வடக்கே, பழுப்பு நிலக்கரி வெட்டும் ஊரில். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். சுரங்கத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் துளை போட்டு எடுக்கும் மண் மாதிரிகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, எந்த ஆழத்தில் எது என்று எழுத வேண்டும். மேலே செம்மண், பிறகு விரலால் பொடிக்கக்கூடிய மணற்கல், களிமண், அதன்கீழ் ஒரு காலத்தில் காடாக இருந்த நிலக்கரி. அதற்கும் கீழே அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் நீர். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு பாறை இல்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பாறை உண்டு. நல்லமிளகு காயப்போடுவோம். வெயில் சாய்ந்த பிறகும் சூடு இருக்கும். அதில் உட்கார்ந்துதான் படித்தேன். இங்கே மாலையானால் எங்கே உட்காருவது என்றே தெரிவதில்லை.

எங்கள் ஊர் குவாரியில் எந்தக் கல்லையும் முதலில் தட்டித்தான் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல கல். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். இரண்டாம் மாதம், களிமண்ணும் நிலக்கரியும் சேரும் இடத்து மாதிரி மேலே வந்தபோது, என் கை யோசிக்காமல் சுத்தியலால் ஒரு தட்டு தட்டியது. சத்தமே வரவில்லை. சுத்தியல் உள்ளே இறங்கி, ஒரு சாண் நீளம் நொறுங்கி இரண்டும் கலந்துவிட்டன; எது எந்த ஆழத்தில் முடிகிறது என்று இனிச் சொல்ல முடியாது.

துளை போடும் அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்னாம்மா, தேங்காவா ஒடைக்கிற?” பிறகு குரலைத் தாழ்த்தி, “குத்துமதிப்பா ஒரு ஆழத்த எழுதிடும்மா. யாரு பாக்கப் போறா?” என்றார்.

உண்மையை எழுதினால் வேலை போகலாம். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நல்லதுதானே என்றும் உள்ளுக்குள் ஓர் ஆசை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அப்பாவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

“அனுப்பினா வந்துரு மக்ளே. அனுப்பாட்டா நில்லு. சாப்பிட்டியா?”

பின்னால் மழை பெய்யும் சத்தம் கேட்டது. போனை வைக்க மனம் வரவில்லை.

‘மாதிரி என் கையால் சிதைந்தது; எல்லை தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதிகாரி அதைப் படித்துவிட்டு நாட்காட்டியைப் புரட்டினார். “பக்கத்துலயே இன்னொரு துளை போடணும். கிறிஸ்துமஸ் வாரந்தான் மெஷின் கிடைக்கும். லீவு எழுதிக் குடுத்திருக்கீங்க போல. வேற ஆளப் போடவா?”

“நானே நிக்கேன் சார்,” என்றேன். நாகர்கோவில் ரயிலுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை அன்று மாலையே ரத்து செய்துவிட்டேன்.