தூளியில் காய்ந்த கரகம்

மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதிது. குடியாத்தம் பக்கத்துக் குயவர் வீட்டுத் தசரதன், சொந்த அத்தை மகள் கங்கம்மாளைக் கட்டிக்கொண்டு கோலார் தங்கச் சுரங்க வேலைக்கு வந்தான். பானை வனையும் சக்கரம் ஊரில் தம்பியிடம் நின்றுவிட்டது. கூடவே வந்திருந்தாலும் அதைப் பெண்கள் தொடுவதில்லை. ஆனால் கங்கம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. பூதிகோட்டை ஏரிமண்ணைத் திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே கூழாங்கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டிப் பானை செய்வாள். ஒன்று பூசணிப் பிஞ்சு போலிருக்கும், இன்னொன்று தூக்கணாங்குருவிக் கூடு போலிருக்கும். தட்டும்போது யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

அந்த ஆடிக்கு மாரியம்மன் கரகப் பானையைப் பூசாரி அவளிடமே கேட்டார். முதல் பானை நிழலில் காயும்போதே கீறல் விட்டு விரிந்தது. அடுத்ததும் அப்படியே.

“இன்னொண்ணும் விரிஞ்சா பூதிகோட்டைல வாங்கிக்கறோம்மா. சக்கரத்துல ஏறாத பானை ஆத்தாளுக்குப் புடிக்கலியோ இன்னாவோ,” என்றார் பூசாரி.

ஆத்தாளே வேண்டாமென்றால் இனி எந்த முகத்தோடு மண்ணைத் தொடுவது? கங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

மத்தியானம் பக்கத்து மூங்கில் தட்டி வீட்டுக்குப் போனாள். பார்வதம்மாவின் பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. பூமிக்கடியில் எங்கோ பாறைக்கு வெடி வைத்தார்கள். தரை சிலிர்த்தது. மூலையில் சட்டிகள் கிணுகிணுத்தன. தூளி மட்டும் லேசாக அசைந்தது. பிள்ளை தூக்கத்திலேயே சிரித்தது.

கங்கம்மாள் தன் வீட்டுக்கு ஓடினாள்.

மூன்றாவது பானை சற்று இறுகியதும் கூறைச் சேலையில் வைக்கோல் பரப்பி, அதில் வைத்து விட்டத்தில் கட்டினாள். ஷிப்டு முடிந்து வந்த தசரதன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“இன்னாமே இது? பொறந்தது புள்ளையா, பானையா?”

“கீழ நீ வெடி வெக்கிற மாமா, மேல என் பானை விரியுது. கத்தாத, தூங்குது.”

“ஒரு ஆட்டு ஆட்டட்டுமா?”

“கைய வெச்சே, சோறு கெடையாது!”

காய்கிற வரைக்கும் அவள் அதனடியில்தான் படுத்தாள். அரக்குச் சேலை வழியே வெயில் கசிந்து வீடெல்லாம் மாதுளை முத்துப்போல் சிவந்தது. கீழே பூமி அதிரும். மேலே பானை, ஏரித் தண்ணீரில் மிதப்பதுபோல் அசையும். மண்ணுக்கும் மூச்சு உண்டு என்று பாதித் தூக்கத்தில் தோன்றும்.

சூளை பிரித்த அன்று பூசாரி வந்தார். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்றது. அந்த ஓசை அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“கரகத்துக்கு வேப்பிலை எடுத்துனு வாங்க,” என்றார்.