முன்னறையில் ஒரு விஷ மீன்

நம்மைத் துரத்துவதற்காக ஒருவர் கொண்டுவந்து வைத்த ஒன்றை நாமே சாகவிடாமல் காப்பாற்றினால், அதில் வென்றவர் யார்? சங்ககிரியில் வாழ்ந்த மாரக்காளின் கதையைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

எடப்பாடியில் கட்டிக்கொடுத்த இடத்தில், பிள்ளை இல்லை என்று சொல்லிப் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிவந்தபோது மாரக்காள் அப்பன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்பன் உறவுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தெருவைப் பார்த்த முன்னறை அவள் சாகும்வரை அவளுக்குத்தான் என்று சொன்னார். அதோடு ஒரு எருமையையும் கொடுத்தார். எழுத்து எதுவும் இல்லை. வாய்ச்சொல்லே போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சொன்னவர் உயிரோடு இருந்தவரை அது போதுமானதாகத்தான் இருந்தது. 1979இல் அவர் இறந்துபோனார்.

அண்ணன் காளியண்ணனுக்கு அப்போது இரண்டு லாரிகள். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும்; தூத்துக்குடியில் உப்பேற்றிக்கொண்டு மேட்டூருக்குத் திரும்பும். இரண்டு நான்கானபோது அவருக்கு ஆபீஸ் வேண்டியிருந்தது. தெருவைப் பார்த்த அறை வீட்டில் ஒன்றுதான்.

"பொறவால மாட்டுச்சாலைகிட்ட ஒரு ரூம்பு ஒழிச்சுத் தாரேன். அங்க போய்க்க."

"அப்பன் சொன்ன ரூம்பு இது."

"அப்பன் செத்து மூணு வருசமாச்சு."

"சொன்னது சாவலயே."

அதற்குப்பின் அண்ணனும் தங்கையும் நேராகப் பேசிக்கொள்வது நின்றுபோயிற்று. அவள் ஜன்னலுக்கு வெளியே பழைய டயர்கள் அடுக்கப்பட்டன. அறைக்குள் காற்று வராது. வருவது ரப்பர் வாசனை. அவள் எருமையைக் கொண்டுவந்து அந்த டயர் அடுக்கிலேயே கட்டினாள். வீட்டுக்கு வருகிற லாரி ஏஜெண்டுகள் சாணியை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது. அவளைப் பொறுமைசாலி என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அவளிடம் இருந்தது பொறுமை இல்லை. அண்ணன் ஓர் அடி வைத்தால் தானும் ஓர் அடி வைக்கத் தெரிந்தவள், அவ்வளவுதான்.

மீன் வந்தது 1983இல். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு வீட்டில் காளியண்ணன் கடல்மீன் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரே மாதத்தில், இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த ஆளுயரத் தொட்டி முன்னறைக்குள் வந்து இறங்கியது. வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டுமாம். பாதி அறை போயிற்று. காற்றடிக்கும் சின்ன மோட்டார் இரவு பகலாக இரைந்தது. தொட்டியைப் பார்க்கிறோம் என்று யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் உள்ளே வந்தார்கள். மாரக்காள் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

மீனை டிரம்மில் கொண்டுவந்தவர் டிரைவர் அங்கமுத்து. செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக, விசிறிபோல் செட்டைகள் விரிந்த மீன். முதுகில் ஊசி ஊசியாக முள். அதன் பெயரை யாரும் சரியாகக் கேட்டுவரவில்லை. காளியண்ணன் சிங்க மீன் என்றார்.

"ஓனருங்க, இதோட முள்ளு வெசமுங்க. வேற எதாச்சும் கலர் மீனு வாங்கலாமுன்னு அப்பவே சொன்னனுங்க," என்றார் அங்கமுத்து.

"வெசமா இருக்கோணும்னுதானப்பா வாங்குனது. ராத்திரில கையி காலு நீட்டாம ஒதுங்கிப் படுத்துக்குவா."

அறைக்குள் இருந்த மாரக்காளுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார். அங்கமுத்து அவள் பக்கம் திரும்பி, "அம்மிணி, கடக்கரைல ஒண்ணு சொன்னாங்க. முள்ளு குத்திப்போட்டா, பொறுக்கற சூட்டுல சுடுதண்ணி வெச்சு அதுக்குள்ள கைய அமுத்தி வெச்சுக்கோணுமாம். கட்டு கிட்டுப் போடக்கூடாதாம்," என்றார். காளியண்ணன் சிரித்தார். "ஏம்ப்பா, மீனுக்கே கொழம்பு வெக்கச் சொல்லித் தாரயா?"

அந்தக் கோடையில் மீன் தளர்ந்தது. சங்ககிரி வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் மடமடவென்று வற்றியது. வற்ற வற்றக் காளியண்ணன் தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்த கடல்நீரையே ஊற்றினார். கடல் மீனுக்குக் கடல்தானே வேண்டும்? ஒருநாள் உப்பு மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளியும் போட்டார். மீன் அடியில் போய்ச் சாய்ந்து கிடந்தது.

அது சாகட்டும் என்றுதான் மாரக்காள் முதலில் காத்திருந்தாள். இதை அவளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறாள். மீன் செத்தால் தொட்டி போகும், பாதி அறை திரும்பி வரும். ஆனால் ஒரு மத்தியானம் எழுந்து கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினாள். இரக்கம் என்று சொல்லிவிடலாம். சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இரக்கம் அவளிடம் வேறெங்கும் அவ்வளவு எளிதாக வெளிப்பட்டதில்லை.

வெயிலுக்குத் தண்ணீர்தான் போகிறது, உப்பு போகவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு உப்பு சரி என்பதுதான் தெரியவில்லை. தினமும் எருமைப் பாலை ஊற்றும் பால் சொசைட்டிக்கு ஒரு போசியில் தூத்துக்குடித் தண்ணீரையும் இன்னொன்றில் தொட்டித் தண்ணீரையும் கொண்டுபோய், பால் அளக்கும் குழந்தைவேலுவிடம் நீட்டினாள்.

"இது என்னங்க பாலு? வெறுந்தண்ணியாட்ட இருக்குது."

"கடலுங்க. உங்க மீட்டர உட்டுப் பாருங்க."

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் கடல்நீரில் இருபத்தைந்தில் நின்றது. தொட்டித் தண்ணீரில் அதைவிட வெகுவாக மேலே மிதந்தது. "அட, உங்க ஊட்டுக் கடலு எங்க சொசைட்டிப் பாலவிடக் கெட்டியா இருக்குதே!" என்றார் குழந்தைவேலு. மாரக்காள் சேலத்துக்கு ஆள் சொல்லித் தனக்கென்று ஒரு பால்மீட்டர் வாங்கிக்கொண்டாள். அன்றுமுதல் தொட்டி இருபத்தைந்திலேயே இருந்தது. "உங்கண்ணன் ஊட்டுக் கடல்ல இன்னிக்கு எத்தன குடம் கலந்தீங்க?" என்று குழந்தைவேலு கேட்பது சொசைட்டியில் வாடிக்கையாகிவிட்டது.

மீன் எழுந்து நீந்தியது. கோடையில் கண்ணாடியைச் சுற்றி ஈரச்சாக்கு போட்டாள். மின்சாரம் போனால் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாள். கொசுவுக்காகக் கிணற்றில் விட்டிருந்த பொடிமீன்களைத் துணியில் வாரிவந்து போட்டாள். பொடிமீன் நல்லதண்ணீர் மீன், உப்பில் தத்தளிக்கும். சிங்க மீன் அவசரப்படாது. செட்டைகளை விரித்து மெல்ல மூலைக்குத் தள்ளும். பிறகு வாய் திறந்தது தெரியும், பொடிமீன் இருக்காது. அவள் அதை முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அங்கமுத்து சொல்வார்.

ஊர் முழுக்கப் பேச்சாயிற்று. ராசிபுரம், நாமக்கல் லாரிக்காரர்களெல்லாம் பார்க்க வந்தார்கள். "என்ற மீனு" என்றார் காளியண்ணன். அந்தப் பெருமையை அவரால் விட முடியவில்லை. மாரக்காள் இல்லாமல் மீன் பத்து நாள் பிழைக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவளைத் துரத்த வந்த மீன் அவளுக்குப் பட்டாவாகிவிட்டது.

காளியண்ணனின் மனைவி வசந்தாமணிதான் இதை முதலில் கண்டுகொண்டாள். "லாரிக்கு கிளீனராட்ட, மீனுக்கு ஒரு கிளீனரு. தண்டச்சோறு இல்லீன்னு காட்டிக்கிறதுக்கு," என்று கூடத்திலிருந்து காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"சம்பளங் கேக்காத கிளீனருங்க, நங்கையா. லாரிக்குக் கெடைச்சாத் தேடிப் பாருங்க," என்று அண்ணிக்கு முன்னறையிலிருந்து பதில் வந்தது.

மாரக்காளும் கையில் கிடைத்ததை விட்டுவைக்கவில்லை. அந்த மீன் கண்ணாடிக்கு மேலே எம்பி விஷத்தைத் துப்பும் என்று அண்ணன் பிள்ளைகளிடம் சொல்லிவைத்தாள். பொய் என்று தெரிந்தே சொன்னாள். கடைசிப் பெண் பயந்து பல நாள் அந்தப் பக்கத்துக் கூடத்தில்கூடக் கால் வைக்கவில்லை. அறைக்குள் யாரும் வரக்கூடாது என்பதற்காக ஒரு குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்தவள் அவள். அவளைப் புகழ நினைப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் புகழ வேண்டும்.

1986இல் காளியண்ணன் பெயரில் டெலிபோன் வந்தது. இனி ஆபீஸ் முன்னறையில்தான் என்று முடிவு செய்தார். மீனைச் சேலத்தில் ஒரு ஓட்டல்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மீன் போனால் தங்கையை அங்கே வைத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. ஒருநாள் காலையில் மாரக்காள் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பியதும் வலையோடு அறைக்குள் போனார். அங்கமுத்து வெளியே லாரியில் டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வலைக்குள் மீன் வந்தது. ஆனால் முள்ளெல்லாம் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது. உதறினார், விழவில்லை. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தார். துண்டைத் தாண்டி முள் உள்ளங்கையில் இறங்கியது.

அவர் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது என்கிறார்கள். மாரக்காள் திரும்பிவந்தபோது அவர் தரையில் புரண்டுகொண்டிருந்தார். "வெட்டியுடுங்கடா கைய, வெட்டியுடுங்க!" என்று கத்தினார். வசந்தாமணி பாம்புக் கடிக்குக் கட்டுவதுபோல் முழங்கைக்கு மேலே கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். வலையோடு மீன் பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாகத் தொங்கியது.

மாரக்காள் வாசற்படியில் நின்றாள். எவ்வளவு நேரம் என்பதில் ஒற்றுமை இல்லை. ஒரு குடம் நிறைகிற நேரம் நின்று வேடிக்கை பார்த்தாள் என்பது வசந்தாமணியின் பேச்சு. பால்கேனைக் கீழே வைக்கிற நேரம்தான் என்பார் அங்கமுத்து.

பிறகு உள்ளே போனாள். கயிற்றை அவிழ்த்து எறிந்தாள். அடுப்பில் குளிக்க வைத்திருந்த வெந்நீரை அண்டாவோடு தூக்கிவந்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, அண்ணன் கையைப் பிடித்து உள்ளே அமுக்கினாள்.

"கொதிக்குதுடி, பாவி!"

"கொதிக்கட்டும். எடுத்தீன்னா இன்னும் வலிக்கும்."

"கொல்லப் பாக்கறயா?"

"கொல்லோணும்னா சும்மா நின்னிருப்பேன்."

நான்கு வருடத்தில் அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது அதுதான். தண்ணீர் ஆற ஆற அங்கமுத்து வெந்நீர் மாற்றினார். வலி மெல்லத் தணிந்தது. கத்தல் முனகலாயிற்று. அண்ணன் கையை அங்கமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு மாரக்காள் எழுந்து போய், கத்தரிக்கோலால் வலையை ஒவ்வொரு கண்ணாக வெட்டி மீனைத் தண்ணீருக்குள் விட்டாள். அதைக் காளியண்ணன் படுத்தபடியே பார்த்தார். "என்னையும் அதையும் ஒண்ணாத்தான் பாத்தா," என்று பிற்பாடு எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டார். குறை நியாயமானதுதான்.

கை வீக்கம் வடியும் முன்பே உறவுக்காரர்கள் கூடினார்கள். தாய்மாமன் நாச்சிமுத்து நடுவில் உட்கார்ந்தார்.

"மாமா, இவதான் மீனை ஏவி உட்டா," என்றாள் வசந்தாமணி.

"ஏவி உடறதுக்கு அது நாயா, வசந்தா? உன்ற ஊட்டுக்காரன்தான் கைய உட்டான். ஏம்ப்பா அங்கமுத்து, நீ அங்கதானே இருந்தே?"

அங்கமுத்து ஓனரைப் பார்க்காமல், நடந்ததைச் சொன்னார். டிரம்மைக் கழுவச் சொன்னதிலிருந்து வெந்நீர் மாற்றியதுவரை சொன்னார்.

நாச்சிமுத்து காளியண்ணனிடம் திரும்பினார். "அவ இல்லாத நேரம் பாத்து அவ ரூம்புக்குள்ள போயிருக்கற. உன்ற கைய அவ பொழைக்க வெச்சிருக்கறா. உன்ற அப்பன் சொல்லுக்கு என்னப்பா மரியாத?"

காளியண்ணன் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டார். பேசியபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வெசமும் அவ மீனு, மருந்தும் அவ கையி. இருந்துட்டுப் போறா. ரூம்பு அவளுது, மீனும் அவளுது. என்ற புள்ளைங்க காலத்துலயும் யாரும் கேக்க மாட்டாங்க. போதுமுங்களா?"

"கேட்டுக்கிட்டயா சாமி?" என்றார் நாச்சிமுத்து, மாரக்காளிடம்.

"கேட்டுக்கிட்டனுங்க மாமா."

நான்கு வருடமாக அவள் எதற்காக அடிக்கு அடி நின்றாளோ, அது பத்துப் பேர் முன்னிலையில், எதிராளியின் வாயாலேயே அவளுக்குக் கிடைத்துவிட்டது. கூடியிருந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் எருமையைக் கறந்து சொசைட்டிக்குப் போனாள். இனி இந்தப் பாலை அண்ணன் பெயரில் எழுதிக்கொள்ளும்படி குழந்தைவேலுவிடம் சொன்னாள். திரும்பிவந்து தொட்டியில் கால் பங்கு தண்ணீர் மாற்றி, மீனுக்கு இரை போட்டாள். அறையைப் பெருக்கினாள். சாவியைக் கொண்டுபோய்க் கூடத்தில் வசந்தாமணி பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு பையோடு தெருவில் இறங்கி மேட்டூர் பஸ் ஏறினாள்.

மேட்டூரில் அணைக்கட்டு ஆட்கள் தங்கும் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை கிடைத்தது. அடுப்படிக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு பாதி அறையில் படுத்துக்கொண்டாள். சங்ககிரியில் காளியண்ணன் மீனை ஓட்டலுக்குக் கொடுக்கவில்லை. அவரே குடம் குடமாக ஊற்றிப் பார்த்தார். ஒரு மாதம்கூட அது இருக்கவில்லை.

நாச்சிமுத்து மேட்டூருக்குத் தேடிப் போனார். அறை பூட்டியே கிடக்கிறது, அங்கே இன்னும் யாரும் ஒரு நாற்காலிகூடப் போடவில்லை, வா என்று கூப்பிட்டார். சண்டை போட்டவரை இருந்தாயே, ஜெயித்த பிறகு ஏன் வந்தாய் என்று கேட்டார். மாரக்காள் அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"ரசமா, மோருங்களா மாமா?" என்றாள்.